வடைச் சட்டியிலிருந்து படகு இஞ்சினுக்கு: பழைய எண்ணெய் பயோடீசல் ஆவது எப்படி?

வடை சுட்டு மீந்த எண்ணெயை அப்படியே படகு இஞ்சினில் ஊற்றினால் ஓடுமா? டீசல் விலை ஏறும்போதெல்லாம் பாம்பனிலும் தொண்டியிலும் இந்தக் கேள்வி கிளம்பும். ஓடும். சூடேறிய டீசல் இஞ்சினாக இருந்தால் சத்தம்கூட மாறாமல் ஓடும். கொஞ்ச நாள் போனால் நாசில் முனையில் கரி கட்டும். பிஸ்டன் ரிங் காடியிலேயே ஒட்டிக்கொள்ளும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலைக் கூழாக்கும். இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிற கூலியும் உதிரிபாகச் செலவும் வந்து நிற்கும்போது, மிச்சம் பிடித்த டீசல் காசு எந்த மூலைக்குக் காணும்?

எண்ணெய்க்கு எரியும் குணம் இல்லை என்பதல்ல காரணம். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது ஓடிய பாங்கில் வித்தியாசம் தெரியாததால், உள்ளே இருப்பது கடலை எண்ணெய் என்பதைப் பார்த்தவர்களில் வெகு சிலரே அறிந்திருந்தார்கள் என்று ருடால்ஃப் டீசலே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

சிக்கல் எண்ணெயின் தடிப்பில் இருக்கிறது. டீசல் இஞ்சினில் நாசில் என்பது மயிரிழை போன்ற துளைகள் கொண்ட ஒரு தூவான். மிகுந்த அழுத்தத்தில் டீசலை அது நுண்ணிய தூவலாகப் பீய்ச்சுகிறது. தூவல் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு முழுமையாக எரியும். 40 டிகிரி சூட்டில் அளந்து பார்த்தால் சமையல் எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு தடிப்பானது. அதனால் தூவலாகாமல் பெரிய துளியாக விழுகிறது. துளியின் வெளிப்பக்கம் எரிகிறது, உள்பக்கம் கரியாகிறது. மேலே சொன்ன அத்தனை கோளாறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, பயோடீசல் தயாரிப்பது என்றால் எண்ணெயின் தடிப்பைக் குறைப்பது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சுத்தம் செய்யும் வேலை. அந்தச் சுத்தம் செய்யும் வேலைதான் முக்கால்வாசி என்பதும், நம் ராமநாதபுரக் கரையில் அது மற்ற ஊர்களைவிடக் கடினம் என்பதும் பலர் சொல்லாமல் விடுகிற சங்கதி.

உள்ளே என்ன நடக்கிறது

கடலை எண்ணெய், பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் அதன் மூலக்கூறு ஒரே மாதிரிதான் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் கிளிசரின் என்ற ஒரு சிறு கட்டை. அதில் மூன்று நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள். ஒரே கட்டையில் மூன்று தூண்டில் நரம்பைக் கட்டி, அப்படிப் பல கட்டைகளை ஒரு கூடையில் போட்டால் எப்படி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்? எண்ணெய் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு நரம்பையும் கட்டையிலிருந்து அவிழ்த்துத் தனித்தனியாக விட்டுவிட்டால் சிக்கு விழாது, வழுக்கிக்கொண்டு ஓடும்.

அவிழ்க்கிற வேலையைச் செய்வது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். மூன்று மெத்தனால் மூலக்கூறுகள் வந்து, ஆளுக்கு ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நடுவில் இருந்த கிளிசரின் தனியாக விழும். மெத்தனாலும் சங்கிலியும் சேர்ந்த பொருளுக்கு மெத்தில் எஸ்டர் என்று பெயர். அதுவே பயோடீசல். தடிப்பு டீசலுக்கு நெருக்கமாக, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நாசிலுக்கு அது ஒரு பொருட்டல்ல.

மெத்தனாலும் எண்ணெயும் சேர்ந்திருந்தால் மட்டும் இது நடக்காது. வினையைத் தூண்டிவிட ஊக்கி ஒன்று வேண்டும். சோப்புக் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாதான் அந்த ஊக்கி. பொட்டாஷ் வகையும் உண்டு.

கணக்குப்படி ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 130 மில்லி மெத்தனால் போதும். ஆனால் வழக்கத்தில் 200 மில்லி சேர்க்கிறார்கள். இந்த வினை இரண்டு பக்கமும் போகக்கூடியது. மெத்தனால் தாராளமாக இருந்தால்தான் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். மிஞ்சுவதைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காக நடந்தால் நூறு லிட்டர் எண்ணெயிலிருந்து ஏறத்தாழ நூறு லிட்டர் பயோடீசல் கிடைக்கும். கேட்பதற்கு ஏதோ மாயம் மாதிரி இருக்கும். ஆனால் இருபது லிட்டர் மெத்தனாலும் உள்ளே போயிருக்கிறது, கிளிசரின் வெளியே வந்திருக்கிறது.

பழைய எண்ணெயின் குணம்

புது எண்ணெயில் இதைச் செய்வது பள்ளிக்கூட ஆய்வகத்தில் மாணவர்களே செய்கிற வேலை. பழைய எண்ணெய் வேறு ஆள். ஈர மாவும் மீனும் கோழியும் கொதிக்கும் எண்ணெயில் விழும்போது அவற்றிலிருந்து வரும் தண்ணீர் எண்ணெயின் மூலக்கூறுகளைத் தாக்கி, சில சங்கிலிகளைத் தானாகவே கழற்றிவிடுகிறது. கழன்ற சங்கிலிகள் தனிக் கொழுப்பு அமிலங்களாக எண்ணெயிலேயே மிதக்கும். தனுஷ்கோடிப் பாதையில் மீன் வறுக்கிற சட்டியில் பொழுது சாயும்போது நுரை தட்டிக் கறுத்து நிற்கும் எண்ணெயில் இது மிக அதிகம். ஒருமுறை அப்பளம் பொரித்த எண்ணெயில் குறைவு.

இந்த அமிலங்கள் காஸ்டிக் சோடாவைக் கண்டால் சும்மா இருக்காது. உடனே சேர்ந்து சோப்பாகிவிடும். ஊக்கி தீர்ந்துபோகும், கலவை முழுக்க சோப்பு நுரை, பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் கஞ்சி மாதிரி நிற்கும். முதல்முறை செய்கிற பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதல் காஸ்டிக் போட்டால் தப்பிக்கலாம்.

அதைப் பார்க்கும் முறை ரொம்ப அழகானது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு கிராம் காஸ்டிக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கோப்பையில் பத்து மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி பழைய எண்ணெயைக் கரைக்க வேண்டும். அதில் நிறம் காட்டியாகச் சில துளி பினால்ப்தலீன் விடுவார்கள். அது இல்லாவிட்டால் சமையலறை மஞ்சள்தூளே போதும். அதே ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டிய மஞ்சள் நீரைச் சில துளி விடலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இங்கேயும். காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் அமிலம் தீர்ந்த கணத்தில் மஞ்சள் சிவப்பாகத் திரும்பும். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு நிற்க வேண்டும். எத்தனை மில்லி கரைசல் செலவானதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காஸ்டிக் கூடுதலாகத் தேவை. அடிப்படை அளவு லிட்டருக்கு 5 கிராம் என்று வைத்தால், சோதனையில் 2 மில்லி செலவான எண்ணெய்க்கு 7 கிராம்.

அந்த எண் ரொம்ப ஏறிவிட்டால் காஸ்டிக்கைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை, சோப்புதான் மிஞ்சும். ஆலைகளில் இத்தகைய எண்ணெயை முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்துப் பதப்படுத்தி, தனி அமிலங்களையே எஸ்டராக மாற்றிவிட்டு, பிறகு காஸ்டிக் பக்கம் போகிறார்கள். சிறிய அளவில் செய்பவர் அதற்குள் இறங்காமல், மோசமான எண்ணெயை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அடுத்த எதிரி தண்ணீர். வடிகட்டி, ஓரிரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, 110 டிகிரி வரை சூடேற்றி ஈரத்தைப் போக்க வேண்டும். சலசலப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று சமையல் தெரிந்த யாருக்கும் தெரியும்.

பிறகு 55 டிகிரிக்கு ஆறவிட்டு, காஸ்டிக் கரைத்த மெத்தனாலைச் சேர்த்து ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். சூடு 60-ஐத் தாண்டக்கூடாது. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். கலக்கி முடித்து இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் இரண்டு அடுக்கு தெரியும். மேலே தேன் நிறத்தில் பயோடீசல், அடியில் பழுப்பாகக் கனத்த கிளிசரின். கீழே குழாய் வைத்து கிளிசரினை இறக்கிவிடலாம்.

மெத்தனால் விளையாட்டல்ல

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது இந்த மெத்தனால்தான். குடித்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆவியை மூடிய அறையில் சுவாசித்தாலும், தோலில் தொடர்ந்து பட்டாலும் உடம்பில் ஏறும். கண் நரம்பையே கெடுத்துவிடும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறியது, பக்கத்தில் நிற்பவருக்கே பற்றியது தெரியாது. சீமைக்கருவேல விறகு நம் மாவட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அடுப்பு மூட்டி இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். எண்ணெயின் ஈரம் போக்கும் கட்டம் வேறு இடம், மெத்தனால் திறக்கும் இடம் வேறு. அங்கே நெருப்பே இருக்கக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் ரகசியமாகச் செய்யும் தொழில் அல்ல இது. இந்தக் கட்டுரை புரிந்துகொள்வதற்காக. செய்வதானால் ஒரு கூட்டுறவுச் சங்கமோ கல்லூரியோ முறையாக உரிமம் எடுத்துச் செய்யலாம்.

தண்ணியில்லாக் காட்டில் எண்ணெயைக் கழுவுவது

பிரிந்து வந்த பயோடீசலில் இன்னும் சோப்பு, காஸ்டிக், மிச்ச மெத்தனால் எல்லாம் இருக்கும். வழக்கமான முறை தண்ணீரில் கழுவுவது. மேலிருந்து மெல்லிய தூறலாகத் தண்ணீரைத் தெளித்தால் அது பயோடீசலின் ஊடாக இறங்கும்போது அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் சேரும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை பலமுறை செய்ய வேண்டும். லிட்டர் எரிபொருளுக்கு லிட்டர் தண்ணீர் வரை செலவாகும், சில நேரம் அதற்கு மேலும்.

எந்தத் தண்ணீர்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊர்களில் இது பெரிய கேள்வி. ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்புத் தண்ணீரில் கழுவினால் சோடியமும் குளோரைடும் எரிபொருளுக்குள் போய் பம்பையும் நாசிலையும் அரிக்கும். கடினத் தண்ணீராக இருந்தால் சோப்போடு சேர்ந்து திரி திரியாகக் கசடு கட்டும். இவ்வளவுக்கும் பிறகு கழுவிய காரத் தண்ணீரை எங்கே கொட்டுவது? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் கடல்புல்லும் இருக்கிற கரை இது. கடலில் விடுவது பற்றிப் பேச்சே கூடாது.

எனவே இந்தக் கரைக்குத் தண்ணீர் இல்லாத முறைதான் பொருந்தும் என்பது என் கருத்து. முதலில் மிச்ச மெத்தனாலைக் காய்ச்சி எடுத்துவிட்டு, பிசின் மணிகள் நிரப்பிய உருளை வழியாகப் பயோடீசலை மெதுவாக ஓடவிட்டால் அந்த மணிகள் சோப்பையும் காஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும். குடிநீர் சுத்திகரிப்பிலும் இதே வகைப் பிசின் பயன்படுகிறது. செலவு கூடும். தண்ணீர் லாரிக்கும் கழிவு நீருக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

தரம் பார்க்க ஒரு சுலபச் சோதனை உண்டு. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்க வேண்டும். முழுதும் கரைந்தால் நல்லது. அடியில் துளி சேர்ந்தால் மாறாத எண்ணெய் இன்னும் இருக்கிறது. 20 டிகிரி அளவில் செய்யச் சொல்லியிருக்கும் சோதனை இது. நம் ஊர் வெயிலில் செய்தால் கெட்ட சரக்கும் தேறிவிடும், குளிர்ந்த தண்ணீரில் குப்பியை வைத்துப் பார்ப்பது நல்லது. இது ஒரு முதல்கட்டப் பார்வைதான். விற்பனைக்கு என்றால் ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தர அளவின்படி ஆய்வகச் சோதனை வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ராமேசுவரம் முதல் கீழக்கரை வரை நூறு கடைகள் சேர்ந்து, கடைக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் பழைய எண்ணெய் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 73,000 லிட்டர். ஒரு விசைப்படகுக்கு அரசு தரும் வரிவிலக்கு டீசல் மட்டுமே ஆண்டுக்கு 18,000 லிட்டருக்குக் குறையாது. ஆக மொத்த எண்ணெயும் நான்கு படகுக்குத்தான் காணும். ராமேசுவரத்தில் மட்டும் விசைப்படகுகள் பல நூறு.

நான்கு படகை முழுக்கப் பயோடீசலில் ஓட்டுவதைவிட, அதே சரக்கை டீசலோடு 5 சதவீதம் கலந்தால் எண்பது படகுக்கு வரும். 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்றுதான் இலக்கு வைத்திருக்கிறது. கலவையில் இன்னொரு லாபமும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைகிறது. அதை ஓரிரு சதவீதப் பயோடீசலே ஈடுகட்டிவிடும். பம்புக்கு நல்லது.

2000-களில் காட்டாமணக்கு நட்டால் தரிசெல்லாம் எண்ணெய்க் கிணறாகிவிடும் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றாமல் அதுவும் காய்க்கவில்லை. பழைய எண்ணெய்க்கு நிலமும் வேண்டாம், மழையும் வேண்டாம். அளவு குறைவு என்பது ஒன்றுதான் குறை.

உண்மையில் எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது படகைவிட வயிறுதான். பெரிய ஓட்டலில் கறுத்த எண்ணெய் மலிவு விலைக்குச் சின்னக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து தள்ளுவண்டிக்குப் போகிறது. சூட்டில் சிதைந்து உருவாகும் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதித்திருக்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் கடைகள் 2019 மார்ச் முதல் பழைய எண்ணெய்க்குக் கணக்கு வைக்க வேண்டும், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம்தான் தர வேண்டும். எண்ணெய்க்கு எரிபொருள் என்ற இன்னொரு விலை கிடைத்தால் அது தள்ளுவண்டிச் சட்டிக்குப் போகும் வழி தானாகவே அடைபடும்.

படகில் ஊற்றுவதற்கு முன்

நாட்டுப்படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு இஞ்சின் இருந்தால் இதை மறந்துவிடலாம். பயோடீசல் டீசல் இஞ்சினுக்கு மட்டும்.

டீசல் இஞ்சினிலும் பழைய ரப்பர் குழாய் இருந்தால் கவனம். அதிக அளவு கலந்தால் சாதாரண ரப்பர் ஊறி உப்பி, கசியத் தொடங்கும். அத்தோடு பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடைக் கிளறி எடுத்துக்கொண்டு வரும். பில்டர் அடைக்கும். தெருவில் என்றால் வண்டியை ஓரம் கட்டலாம். நடுக்கடலில் காற்று தூக்கும்போது இஞ்சின் நின்றால் கதையே வேறு. எனவே முதல் சில தடவை குறைந்த கலவையில், கரைக்குப் பக்கத்தில், மாற்றுப் பில்டர் இரண்டு கையில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. இங்கே பெரும்பாலான கடைகளில் ஓடுவது பாமாயில். அதன் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். ஊட்டியில் அது தலைவலி. மண்டபத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வராது.

பாதகம், ஈரம். பயோடீசல் டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக் காற்றில், பாதி காலியான தொட்டியில், தண்ணீர் சேர்ந்து பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். காற்றும் வெயிலும் பட்டால் பயோடீசல் புளித்துப் பிசினாகும். சில மாதங்களுக்கு மேல் வைக்கக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கோடை வெயிலில் கட்டியே கிடக்கும். அதற்கு முந்தைய கடைசி நடையில் தொட்டியில் இருக்கும் கலவையை ஓட்டித் தீர்த்துவிட்டு, வெறும் டீசலை விளிம்பு வரை நிரப்பி மூடியை இறுக்கி வைக்க வேண்டும். ஜூனில் படகை இறக்கும்போது முதல் வேலை தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பது, பில்டரை மாற்றுவது. அதற்குப் பிறகே புதுக் கலவையை ஊற்ற வேண்டும்.